பருப்பு வேகாத தண்ணீர்

அன்புள்ள ஐயா,

தர்மபுரி மாவட்டத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் பிளஸ் ஒன்னுக்கு வேதியியல் எடுக்கிறேன். பாடம் பிள்ளைகளின் வாழ்க்கையோடு ஒட்ட வேண்டும் என்று 'அன்றாட வாழ்வில் வேதியியல்' என்ற தலைப்பில் எழுதிவரச் சொன்னேன். எல்லோரும் ஒரே கைடைப் பார்த்து எழுதியிருந்தார்கள். இனி இதை விட்டுவிடலாமா? தொடர்ந்தால் பிழைகளை எப்படித் திருத்துவது? பெயர் வேண்டாம்.

— ஓர் ஆசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

விட்டுவிடாதீர்கள். தலைப்பை மட்டும் மாற்றுங்கள். 'அன்றாட வாழ்வில்' என்று கேட்டால் சோப்பு, உரம், மருந்து என்று யாருடைய வாழ்க்கையாகவும் இல்லாத ஒரு வாழ்க்கையைத்தான் பிள்ளைகள் எழுதுவார்கள், அதற்குக் கைடே போதும். கேள்வி அவர்கள் வீட்டு அடுப்படி வரைக்கும் போக வேண்டும்.

உங்கள் ஊர்ப்பக்கம் போர் தண்ணீரில் பருப்பு வேகாது என்று எல்லா அம்மாக்களும் சொல்வார்கள். அதையே கொடுங்கள்: 'உன் வீட்டில் எந்தத் தண்ணீரில் பருப்பு வேகிறது, எதில் வேகவில்லை, அம்மா என்ன செய்கிறார், ஏன்?' இதற்குக் கைடில் பதில் கிடையாது. கடினநீர்ப் பாடத்தில் பதில் பாதி இருக்கிறது. தண்ணீரில் உள்ள கால்சியம் பருப்பின் செல்களை ஒட்டிவைத்திருக்கும் பெக்டினோடு சேர்ந்து அதை இறுக்கிவிடுகிறது, அதனால்தான் அதை இளக்கச் சிலர் ஒரு சிட்டிகை ஆப்பசோடா போடுகிறார்கள். தண்ணீரை முதலில் கொதிக்கவைத்து, தெளியவிட்டு, வடிகட்டி அதில் ஒரு பிடிப் பருப்பையும் வெறும் போர் தண்ணீரில் ஒரு பிடியையும் வேகவைத்துப் பார்க்கட்டும். முதலாவது சீக்கிரம் வெந்தால் அது பெரும்பாலும் கொதிக்கவைத்தால் போய்விடுகிற தற்காலிகக் கடினத்தன்மை, பாத்திரத்தின் அடியில் படியும் வெள்ளைப் பொருக்கு கால்சியம் கார்பனேட். வித்தியாசமே இல்லையென்றால் அதையும் அப்படியே எழுதட்டும். எனக்கு அந்தக் கட்டுரையைத்தான் படிக்க ஆசை, ஏனென்றால் அந்தப் பிள்ளை நிரந்தரக் கடினத்தன்மை என்றால் என்னவென்று தானாகவே போய்த் தேடும்.

அப்புறம் ஃபுளூரைடு. நிலத்தடி நீரில் அது அதிகம் உள்ள தர்மபுரியில் இருந்துகொண்டு இதைத் தொடாமல் வேதியியல் நடத்த முடியாது என்பது என் எண்ணம், ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே இதற்காகத்தானே வந்தது. குடிநீரில் ஒரு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு வழியில்லாத இடத்தில் 1.5 வரை என்கிறது இந்தியத் தர நிர்ணயம். ஆனால் கடையில் வாங்கும் பற்பசையில் சுமார் 1000 பிபிஎம், அதாவது பத்து லட்சம் பங்கில் ஆயிரம் பங்கு, இருக்கிறது! (தண்ணீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் என்பது ஏறக்குறைய 1 பிபிஎம்தான்.) பற்பசையில் பல்லைக் காக்கும் அதே பொருள் கிணற்றுத் தண்ணீரில் ஏன் பல்லைக் கறையாக்குகிறது? பற்பசையைத் துப்பிவிடுகிறோம், தண்ணீரை நாள் முழுக்கக் குடிக்கிறோம், அதுவும் நிலைப்பற்கள் ஈறுக்குள் உருவாகும் சின்ன வயதில். இதைப் பாட்டிக்கு ஒரு கடிதமாக எழுதச் சொல்லுங்கள். பாட்டிக்கு பிபிஎம் என்றால் என்ன என்று விளக்க வேண்டியிருக்கும் பாருங்கள், அங்கேதான் பிள்ளைக்கு அது புரிந்திருக்கிறதா என்று தெரியும்.

ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள். வகுப்பிலேயே கறைப்பல் உள்ள பிள்ளைகள் இருப்பார்கள். வாயை மூடிக்கொண்டு சிரிக்கப் பழகிய பிள்ளையை நாம் உதாரணம் ஆக்கிவிடக் கூடாது. யார் வீட்டைப் பற்றியும் சத்தமாக வாசிக்க வேண்டாம், அந்தப் பிள்ளையே விரும்பி வாசித்தால் ஒழிய.

திருத்துவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். எழுத்துப்பிழையை முதல் தடவை தொடாதீர்கள். காரணம் தவறாக இருக்கும் இடத்தில் மட்டும் ஓரத்தில் ஒரு கேள்வி எழுதித் திருப்பிக் கொடுங்கள், இரண்டாம் முறை எழுதி வந்ததற்கு மதிப்பெண் போடுங்கள். ஒரு பக்கம் போதும், பருவத்துக்கு இரண்டு கட்டுரை போதும். அதற்குமேல் கேட்டால் உங்களால் படித்து முடிக்க முடியாது, அவர்களும் மறுபடி கைடைத்தான் எடுப்பார்கள்.