ஆச்சியை ஆச்சி வீட்டில் பார்க்கட்டும்

தங்கச்சி, உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். மெல்பர்ன் வந்து பத்து மாதம். மகளுக்கு ஆறு வயது. சங்கரன்கோவில் பக்கத்துக் கிராமத்தில் இருக்கும் அம்மா பொங்கலுக்கு வரச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார். டிசம்பர் டிக்கெட் விலையைப் பார்த்தால் பயமாக இருக்கிறது. "முதல் இரண்டு வருடம் ஊருக்குப் போகாதீர்கள், பிள்ளை இங்கே ஒட்டாது" என்று தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். அந்தப் பணத்துக்கு அம்மாவையே இங்கே வரவழைத்துவிடலாம் என்பது உங்கள் கணவரின் யோசனை. போகலாமா வேண்டாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

போங்கள். இந்த டிசம்பரிலேயே போங்கள். நான் 2010-ல் இங்கே வந்தவள், இரண்டு பிள்ளைகள். எனக்கு அம்பாசமுத்திரம் பக்கம், உங்களுக்கும் எனக்கும் நடுவில் தென்காசிதான் இருக்கிறது. அதனால் சொந்தத் தங்கைக்குச் சொல்வது போலவே சொல்கிறேன்.

முதலில் உங்கள் கணவர் சொன்னதை எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் நாங்களும் அதைச் செய்து பார்த்தோம். 2016 ஜூனில் அம்மாவைப் பார்வையாளர் விசாவில் மூன்று மாதத்துக்கு வரவழைத்தோம். ஜூன் என்றால் இங்கே குளிர்காலம், ஐந்தரை மணிக்கெல்லாம் இருட்டிவிடும். நாங்கள் இருவரும் வேலைக்குப் போய்விடுவோம். மகள் பாலர் பள்ளிக்கு, மகன் குழந்தைகள் காப்பகத்துக்கு. அம்மா கம்பளி சாக்ஸ் போட்டுக்கொண்டு ஹீட்டர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். அடுப்பைப் பற்றவைக்கப் பயம், பாதுகாப்பு அலாரத்தைத் தொடப் பயம். கதவைத் திறந்து தெருவைப் பார்த்தால் ஒரு ஆள் நடமாட்டம் இருக்காது. எதைச் செய்வதற்கும் எங்களைக் கேட்க வேண்டியிருந்தது. என் மகளுக்கு அன்று தெரிந்த ஆச்சி, சோபா ஓரத்தில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும் ஒரு வயதான அம்மா, அவ்வளவுதான். ஆச்சி சொன்னதை அவள் கேட்கவும் இல்லை. அந்த வீட்டில் ஆச்சிக்கு எந்த அதிகாரமும் இல்லை என்பது ஐந்து வயதுப் பிள்ளைக்குப் புரிந்துவிட்டது.

அடுத்த வருடம் டிசம்பரில் நாங்கள் ஊருக்குப் போனபோது அதே பிள்ளை பார்த்தது வேறொரு மனுஷியை. விடியும் முன்பே எழுந்து வாசல் தெளிப்பவர், பால்காரரைத் திட்டுபவர், வயல் குத்தகைக்காரரை வீட்டு முன்பக்கத் தார்சாவில் உட்காரவைத்துக் கணக்குக் கேட்பவர், கோபித்துக்கொண்டு வரும் பக்கத்து வீட்டு மருமகளுக்குக் காப்பி போட்டுக் கொடுத்துச் சமாதானம் செய்து அனுப்புபவர். இரண்டாம் நாளே மகள் என்னிடம் வந்து, ஆச்சிதான் இங்கே எல்லாருக்கும் பாஸா என்று ஆங்கிலத்தில் கேட்டாள். ஆமாம் என்றேன். அதற்குப் பிறகு அவள் என்னிடம் அனுமதி கேட்டதே இல்லை. எல்லாவற்றுக்கும் ஆச்சியிடம்தான் போனாள்.

அம்மாவை இங்கே கூப்பிடவே வேண்டாம் என்று சொல்லவில்லை. கூப்பிடுங்கள். ஆனால் பிள்ளை அவரை அவருடைய வீட்டில் பார்த்துப் பழகிய பிறகு கூப்பிடுங்கள். வீட்டின் அதிகாரியாகப் பார்த்த ஆளைப் பிள்ளைகள் பிற்பாடு எங்கே பார்த்தாலும் மதிப்பார்கள்.

இரண்டாவது, எத்தனை நாள், எங்கே. என் மனசில் இன்னும் உறுத்தும் தவறு இதுதான். 2014 டிசம்பரில் மகளைத் தூக்கிக்கொண்டு முதல் தடவை போனோம். மொத்தம் 26 நாள். சென்னையில் மச்சினர் வீடு, தி.நகரில் துணி, மதுரையில் ஒரு கல்யாணம், திருச்செந்தூரில் மொட்டை, கோயம்புத்தூரில் அத்தை வீடு, நடுவில் கொடைக்கானல் வேறு. அம்மா வீட்டில் நாங்கள் படுத்தது நான்கு ராத்திரி. அதிலும் இரண்டு நாள் பிள்ளைக்குக் காய்ச்சல். கிளம்பும்போது அம்மா ஒன்றும் சொல்லவில்லை, பனங்கிழங்கை அவித்துக் கட்டிக்கொடுத்தார். விமானத்தில் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. அவ்வளவு செலவழித்துப் போய், யாருக்காகப் போனோமோ அவரிடம் நான்கு நாள்!

2017-ல் வீட்டுக்காரரும் நானும் முன்னாலேயே பேசி முடிவெடுத்தோம். அவருடைய அம்மா வீட்டில் 12 நாள், என் அம்மா வீட்டில் 19 நாள், மூன்றாவது வீடு கிடையாது. பார்க்க விரும்புகிறவர்கள் அங்கேயே வரட்டும் என்றோம். சிலருக்கு வருத்தம்தான். ஆனால் பாதிப் பேர் வந்து பார்த்தார்கள், அம்மா வீடு நிறைந்துபோனது. உங்களுக்கும் இதையே சொல்வேன். உங்கள் அம்மா வீடு ஒன்று, மாமியார் வீடு ஒன்று. அதற்கு மேல் ஒன்றும் சேர்க்காதீர்கள்.

பத்தொன்பது நாள் ஒரே கிராமத்தில் பிள்ளைக்குப் பொழுது போகுமா என்று யோசிப்பீர்கள். முதல் மூன்று நாள் போகாது. வைஃபை கேட்டு அழுவாள். நான்காம் நாளிலிருந்து நீங்கள்தான் அவளைத் தேட வேண்டியிருக்கும்.

இதில் ஆஸ்திரேலியாவில் இருக்கும் நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு பெரிய வசதி உண்டு. அமெரிக்காவில் இருப்பவர்களுக்குப் பள்ளி விடுமுறை ஜூன், ஜூலையில் வரும். அந்த நேரம் நம் ஊரில் பள்ளிக்கூடம் திறந்திருக்கும், விளையாடப் பிள்ளைகள் இருக்க மாட்டார்கள். மெல்பர்ன் இருக்கும் விக்டோரியா மாநிலத்தில் நமக்கு டிசம்பர் மூன்றாம் வாரத்திலிருந்து ஜனவரி கடைசி வரை விடுமுறை. மார்கழியின் பெரும்பகுதியும் தையின் முதல் பாதியும் அப்படியே கைக்குள் வந்துவிடும்.

அப்புறம் நேர வித்தியாசம். இங்கே கோடைகாலத்தில் ஊரைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் இருக்கிறோம். ஊரில் அதிகாலை நான்கு மணி என்றால் பிள்ளையின் உடம்புக்கு அது காலை ஒன்பதரை. எல்லாரும் இதை ஒரு தொல்லையாகச் சொல்வார்கள், பிள்ளையை அமுக்கித் தூங்கவைக்கப் பார்ப்பார்கள். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். மார்கழியில் அந்த நேரத்தில் விழித்திருக்கும் இன்னொரு ஆள் வீட்டில் உண்டு, அது ஆச்சி. என் மகள் முதல் நாளே மூன்றரைக்கு எழுந்து உட்கார்ந்துவிட்டாள். அம்மா அவள் தலையில் துண்டைக் கட்டி வாசலுக்குக் கூட்டிப் போனார். கோயில் ஒலிபெருக்கியில் திருப்பாவை ஓடிக்கொண்டிருந்தது. அம்மா கோலம் போட்டார், இவள் அதன் நடுவில் சாணி உருண்டை பிடித்து வைத்துப் பூசணிப்பூவைச் செருகினாள். முதலில் மூக்கைப் பொத்திக்கொண்டவள்தான், மூன்றாம் நாள் உருண்டையின் அளவு சரியில்லை என்று ஆச்சியிடமே வாதாடினாள். அந்த ஒரு மணி நேரம் வீட்டில் வேறு யாரும் எழுந்திருக்கவில்லை, அவர்கள் இரண்டு பேர் மட்டும்தான். ஒரு வாரத்தில் தூக்கம் ஊர் நேரத்துக்கு வந்துவிட்டது. ஆனாலும் "ஏட்டி, எந்திரி" என்ற ஒரு குரலுக்கு எழுந்துகொண்டாள்.

சாணி வைத்த பிறகு அது என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும், உங்கள் கணவருக்காகச் சொல்கிறேன். அந்தப் பூவோடு சேர்த்து எருவாகத் தட்டிக் காயவைத்துச் சேர்ப்பார்கள். பொங்கல் கழிந்து தையில் ஒரு நாள் பெண்பிள்ளைகளுக்குச் சிறுவீட்டுப் பொங்கல். முற்றத்தில் மண்ணைக் குழைத்துப் பிள்ளை உயரத்துக்கு ஒரு குட்டி வீடு, அதற்கு ஒரு வாசல், ஒரு அடுக்களை. அதன் முன்னால் சின்னப் பானையில் பிள்ளைகளே பொங்கல் விடுவார்கள். பிறகு அந்தப் பூ எருக்களையும் பொங்கலையும் எடுத்துக்கொண்டு போய் ஆற்றில் விடுவது. நாள் வீட்டுக்கு வீடு, ஊருக்கு ஊர் மாறும். நெல்லை, தூத்துக்குடி, தென்காசிப் பக்கத்தை விட்டால் பலருக்கு இது தெரியாது. எங்கள் வீட்டில் நான் சிறு பிள்ளையாக இருந்தபோது செய்தது, முப்பது வருடமாக நின்றுபோயிருந்தது. பேத்தி வந்த வருடம் அம்மா மறுபடி மண் குழைத்தார்.

தாமிரபரணியில் இறங்கி எருவை ஒவ்வொன்றாக மிதக்கவிட்டாள் என் மகள். ஒன்றை மட்டும் மெல்பர்னுக்குக் கொண்டுபோக வேண்டும் என்று அடம்பிடித்தாள். அங்கே உள்ளே விட மாட்டார்கள் என்று நான் சொன்னபோது அழுதாள். "ஆறு கொண்டுபோகுதுல்லா, அது போதும்" என்றார் அம்மா. அழுகை நின்றுவிட்டது. நான் சொல்லியிருந்தால் நின்றிருக்காது.

தமிழைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் சேருங்கள், நல்லது. விக்டோரியாவில் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுக்கே தமிழை ஒரு பாடமாக எடுக்கலாம், என் மகள் எடுக்கப் போகிறாள். ஆனால் வகுப்பில் அவள் எழுத்துத்தான் படித்தாள். தார்சா, பட்டாசல், சொளகு, புறவாசல், சுண்டக்கறி என்ற நம் பக்கத்துச் சொற்கள் எல்லாம் ஆச்சி வீட்டில் ஏறியவை. ஆச்சிக்கு ஆங்கிலம் தெரியாது என்பதால் வேறு வழியே இல்லாமல் வாய் திறந்தது. பக்கத்தில் நின்று மொழிபெயர்த்துக் கொடுக்காதீர்கள். என் வீட்டுக்காரர் முதல் இரண்டு நாள் அதைச் செய்தார், அம்மாதான் "நீங்க போங்க மாப்ள, நாங்க பேசிக்கிடுதோம்" என்று அனுப்பிவிட்டார்.

"போய் வந்தால் பிள்ளை இங்கே ஒட்டாது" என்பதில் கொஞ்சம் உண்மை உண்டு. திரும்பி வந்த பிறகு இரண்டு வாரம் என் மகள் சாப்பாட்டிலும் தூக்கத்திலும் படுத்தினாள், ஆச்சி வேண்டும் என்று அழுதாள். அது ஒட்டாமல் போனதால் வந்த அழுகை இல்லை. அவளுக்கு இழக்க ஒரு ஆள் கிடைத்திருந்தார். பள்ளி தொடங்கி ஒரு மாதத்தில் எல்லாம் சரியாகிவிட்டது. அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை வீடியோ அழைப்பில் பேச அவர்களுக்கு விஷயம் இருந்தது. பசு கன்று போட்டதா, முருங்கை காய்த்ததா என்று இவள் கேட்பாள். அதற்கு முன்னால் "ஆச்சிக்கு ஹலோ சொல்லு" என்று நான் தள்ளிவிட வேண்டியிருந்தது.

தள்ளிப்போடுவதைப் பற்றி ஒன்றே ஒன்று. அடுத்த பயணத்தை 2020 டிசம்பருக்கு வைத்திருந்தோம். அந்த மார்ச்சில் ஆஸ்திரேலியா எல்லையை மூடியது, 2021 நவம்பர் வரை திறக்கவில்லை. நடுவில் என் அப்பா போய்விட்டார். கைபேசித் திரையில்தான் பார்த்தேன். 2019-லேயே போயிருக்கலாம், டிக்கெட் விலை அதிகம் என்று விட்டுவிட்டோம். எவ்வளவு அதிகம் என்று இப்போது ஞாபகம் இல்லை.

இனி காரியங்கள். விசாவில் பல முறை வந்துபோகும் அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். புது விசாவுக்கு விண்ணப்பித்துவிட்டு, முடிவு வரும்வரைக்கான பிரிட்ஜிங் ஏ விசாவில் இருந்தால் அதை வைத்துத் திரும்பி வர முடியாது, கிளம்பும் முன் பிரிட்ஜிங் பி வாங்க வேண்டும். மகளின் இந்தியக் கடவுச்சீட்டு ஐந்து வருடத்துக்குத்தான் செல்லும், தேதியை இன்றே எடுத்துப் பாருங்கள். புதுப்பித்தால் புது எண்ணைக் குடிவரவுத் துறையின் இணையக் கணக்கில் பதிய மறக்காதீர்கள். டைஃபாய்டு, ஹெபடைடிஸ் ஏ தடுப்பூசிகளைப் பற்றி டாக்டரிடம் ஆறு வாரம் முன்பே பேசுங்கள், நம் ஊர்ப் பிள்ளைதானே என்று விடாதீர்கள். பத்து மாதம் இங்கத்தித் தண்ணீர் குடித்த வயிறு அது. 2014-ல் நான் விட்டேன், பட்டேன். ஊரில் கொதித்து ஆறிய தண்ணீர்தான், யார் சிரித்தாலும்.

வழி: சென்னைக்கே போக வேண்டும் என்றில்லை. சிங்கப்பூர் அல்லது கோலாலம்பூர் வழியாகத் திருவனந்தபுரத்தில் இறங்கினால், செங்கோட்டை வழியாகக் காரில் சில மணி நேரத்தில் வீடு. மதுரையும் உங்களுக்குப் பக்கம். சென்னை வழி என்றால் பொதிகை எக்ஸ்பிரஸ் சங்கரன்கோவிலிலேயே நிற்கும், ஆனால் முன்பதிவு இப்போது 60 நாள் முன்புதான் திறக்கிறது, பொங்கல் நேரத்து டிக்கெட் சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். டிசம்பர் மழையையும் மனதில் வையுங்கள். 2023-ல் டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் நெல்லை, தூத்துக்குடி பக்கம் ரயில், சாலை எல்லாம் நின்றன. வந்து இறங்கும் நாளுக்கும் ஏதாவது விசேஷத்துக்கும் நடுவில் இரண்டு நாள் இடைவெளி விடுங்கள்.

திரும்பி ஆஸ்திரேலியாவில் இறங்கும்போது நிரப்பும் பயணி அட்டையில், கடந்த 30 நாளில் கிராமப்புறத்துக்குப் போனீர்களா, பண்ணை விலங்குகள் பக்கத்தில் இருந்தீர்களா என்று கேட்பார்கள். ஆமாம் என்று குறியுங்கள். வயலுக்கும் தொழுவத்துக்கும் போட்ட செருப்பைக் கழுவிக் காயவைத்துத் தனிப் பையில் வையுங்கள். ஊறுகாய், பொடி, பலகாரம் எதுவானாலும் எழுதிக் காட்டுங்கள். சிலதை விடுவார்கள், சிலதை எடுத்துக்கொள்வார்கள், எழுதாமல் மாட்டினால்தான் அபராதம். அம்மா மனசு கோணாமல் இருக்க, பச்சைக் கறிவேப்பிலையும் விதைகளும் கட்ட வேண்டாம் என்று முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.

இன்றைக்கு அம்மாவிடம் பேசும்போது ஒன்று கேளுங்கள். உங்கள் வீட்டில் சிறுவீட்டுப் பொங்கல் எந்த நாள், அதற்கு முற்றத்தில் இடம் இருக்கிறதா என்று. திரும்பும் டிக்கெட்டை அதற்கு அப்புறம் போடுங்கள்.