சூடான தாச்சியில் விரல் பட்டால் நோவு ஏன் இரு தடவை வருகிறது?

தாச்சியில் விரல் பட்டவுடன் முதலில் சுரீரென்ற கூர்மையான நோவும், சற்றுப் பிந்தி நெடுநேரம் நீடிக்கும் எரிவும் ஏற்படுவது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் வெவ்வேறு நரம்பு நார்களின் வழியே வருகின்றன என்பதே காரணம். கூர்மையான நோவைக் கொண்டுவரும், மயலின் என்ற கொழுப்புப் பொருளாலான மெல்லிய உறையுள்ள ஏ-டெல்டா நார்கள் செக்கனுக்கு ஏறத்தாழ 5 முதல் 30 மீற்றர் வேகத்திலும், எரிவைக் கொண்டுவரும் உறையற்ற சி நார்கள் 2 மீற்றருக்கு மேற்படாத வேகத்திலும் கணத்தாக்கத்தை, அதாவது நரம்பின் மின் சமிக்ஞையை, கடத்துகின்றன.

இவை முள்ளந்தண்டினுள் ஓடும் முண்ணாணின் பின்பகுதியான முதுகுப்புறக் கொம்பை அடைந்ததும், அங்கே தொடங்கும் இரண்டாவது நரம்புக்கலத்தின் நார் மறுபக்கத்துக்குக் கடந்து மூளையின் உட்பகுதியிலுள்ள தலமசு வரை ஏறுகிறது. அங்கிருந்து மூன்றாவது நரம்புக்கலம் மூளைய மேற்பட்டைக்குச் செய்தியைச் சேர்க்கிறது. ஆகவே முண்ணாணின் வலப்பாதி மட்டும் சேதமுற்றால், அதற்குக் கீழே உடலின் இடப்பக்கத்திலேயே நோவும் சூடுகுளிரும் தெரியாமற்போகும். விரலை வெடுக்கென இழுப்பதற்கோ மூளையின் உத்தரவு தேவையில்லை. முண்ணாணே அதைச் செய்துவிடும்.

ஒடியற் கூழ் ஆறிய பின்னும் வாய் எரிவதற்கு, செத்தல் மிளகாயிலுள்ள கப்சாயிசின் என்ற காரப்பொருள், ஏறத்தாழ 43 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட சூட்டை உணரும் அதே வாங்கியை (நரம்பு நுனியில் தூண்டலை உணரும் புரதத்தை) தூண்டுவதே காரணமாகும். அந்த வாங்கியைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸ் 2021இல் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.