யார் கொடுத்தது என்ற கணக்கு

சிஸ்டரிடம் கேளுங்கள்
(பாலக்காடு எல்லையில் முப்பது வருடம் அரசு நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர் பதில் சொல்கிறார்)

கேள்வி: எங்களுக்கு மூணாறு பக்கம் எஸ்டேட் லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடு) வீடு. 2020 ஆகஸ்டில் பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியதற்கு அப்புறம், அடுத்த மழைக்கு அங்கே தங்க அம்மாவுக்குத் தைரியம் வரவில்லை. இப்போது கொச்சி வாத்துருத்தியில் ஒரே ரூமில் ஆறு பேர் இருக்கிறோம். டைல்ஸ் வேலை, வயது 22. பத்து நாளாக மூத்திரம் போனால் எரிச்சல், காலையில் மஞ்சளாகக் கசிவு. ரூமில் இருக்கும் அண்ணன், “ஆம்பளைக்கு வர்றதுதான், மெடிக்கல்ல நாலு கேப்சூல் வாங்கிப் போடு” என்றார். போட்டேன், குறைந்து மறுபடி வந்துவிட்டது. நான் பழகும் பெண்ணுக்கு 20 வயது, ஜவுளிக்கடை ஹாஸ்டலில் இருக்கிறாள். அவளுக்கு எந்தத் தொந்தரவும் இல்லையாம். போன வருஷம் நான் ஒரே ஒரு தடவை வேறு இடத்துக்குப் போனேன். இது அவளிடமிருந்து வந்திருக்குமோ?

பதில்: தம்பி, உன் கடிதம் நாலு பக்கம். அதில் உன்னுடைய “ஒரு தடவை” ஒரு வரி, அவள் மேல் சந்தேகம் இரண்டு பக்கம். இந்தக் கணக்கை உனக்குச் சொல்லிக் கொடுத்ததும் அந்த ரூம் அண்ணன்தானோ?

நீ சொல்வதைப் பார்த்தால் கொனோரியா, கிளமிடியா மாதிரி உறவில் பரவும் தொற்றாக இருக்கலாம். பெண்களுக்கு இவை பெரும்பாலும் வெளியே தெரியாது. கிளமிடியா மாதக்கணக்கில் சத்தமில்லாமல் உடம்பில் இருக்கும், ஆண்களிடமும்தான். அதனால் யாருக்கு முதலில் எரிந்தது என்பதை வைத்து யார் கொடுத்தது என்று கண்டுபிடிக்க முடியாது. அவளுக்கு இருந்து அப்படியே விட்டால் கருக்குழாய் வரை போய், பிற்பாடு பிள்ளை பிறப்பதே சிக்கலாகலாம். அப்போதும் ஊர் அவளைத்தான் கேட்கும்.

கேரளத்தில் ஜெனரல் ஆஸ்பத்திரி, மாவட்ட ஆஸ்பத்திரிகளில் பால்வினை நோய்க்கு இருக்கும் கிளினிக்கின் பெயர் ‘புலரி’. எச்.ஐ.வி. பரிசோதனை மையம் ‘ஜோதிஸ்’. போர்டு மலையாளத்தில் இருக்கும், வாசிக்க வராவிட்டால் வாயால் கேள், யாரும் வித்தியாசமாக நினைக்க மாட்டார்கள். அவளையும் கூட்டிக்கொண்டு போ. இரண்டு பேரும் ஒரே சமயத்தில் மாத்திரை சாப்பிடவேண்டும். நீ மட்டும் சாப்பிட்டால் அவளிடமிருந்து உனக்கு, உன்னிடமிருந்து அவளுக்கு என்று சுற்றிக்கொண்டே இருக்கும். முடித்து ஏழு நாள் வரை உறவு வேண்டாம், அப்புறமும் ஆணுறை இல்லாமல் வேண்டாம். மெடிக்கலில் வாங்கிய அரைகுறை கேப்சூல் கிருமியை மருந்துக்குப் பழக்கித்தான் விடும். போகும்போதே எச்.ஐ.வி., சிபிலிஸ் பரிசோதனையும் செய்துகொள், இலவசம். உன் சம்மதமில்லாமல் எச்.ஐ.வி. பரிசோதனை செய்யவோ முடிவை வெளியே சொல்லவோ கூடாது என்று 2017-இல் சட்டமே வந்திருக்கிறது. போகுமுன் பேசிப் பார்க்க வேண்டுமென்றால் 1097, காசில்லை.

என் ஓ.பி.யில் ஆண்கள் எப்போதும் “நண்பனுக்குத்தான் சிஸ்டர்” என்று சொல்லித்தான் வருவார்கள். நண்பனின் மூத்திர எரிச்சல் இவர்கள் முகத்தில் தெரியும். நீ உனக்கே என்று எழுதினாய், அது எனக்குப் பிடித்தது. “போன வருஷம் நான் வேறு இடத்துக்குப் போனேன், நாம ரெண்டு பேரும் மருந்து சாப்பிடணும்” என்று அவளிடம் நீயே சொல். அவள் கோபப்படுவாள். படட்டும்.

கேள்வி: கஞ்சிக்கோட்டில் கம்பெனி வேலை, வயது 19. கல்யாணம் ஆகவில்லை. நேற்று இரவு ஆணுறை கிழிந்துவிட்டது. அரசு ஆஸ்பத்திரிக்குப் போனால் அப்பாவுக்குச் சொல்லிவிடுவார்களா?

பதில்: கண்ணு, இந்தக் கடிதம் அச்சாகும்போது உனக்கு நேரம் தாண்டியிருக்கும், ஆனாலும் இன்னொருத்திக்கு உதவும். அவசரக் கருத்தடை மாத்திரை 72 மணி நேரத்துக்குள், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. நாள் தள்ளிப்போனால், உறவு நடந்து மூன்று வாரம் ஆனதும் மூத்திரப் பரிசோதனை செய். கரு நின்றிருந்தால், 18 முடிந்தவளுக்குக் கருக்கலைப்புக்கு அவள் கையெழுத்தே போதும், அப்பாவோ புருஷனோ தேவையில்லை. கல்யாணமாகாதவளுக்கும் அதே உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பரில் சொல்லியாயிற்று. கவுன்ட்டரில் யாராவது “ஹஸ்பெண்ட் எவிடே?” (புருஷன் எங்கே?) என்று கேட்டால், “டாக்டர்கிட்ட பேசிக்கிறேன்” என்று சொல்லிவிட்டு உள்ளே போ.