கோத்தகிரி பக்கம் டீத் தோட்டத்துல இருக்கற சில்வர் ஓக்கை வெட்டி மேட்டுப்பாளையம் மில்லுக்கு அனுப்பணும், லாரி எப்ப சொல்றது, கட்டைய எங்க அடுக்கி வைக்கறது?

முதல்ல மரத்தை சாய்ச்சுப் போட்டுட்டு அப்புறம் லாரி தேடறதுதான் இங்க வழக்கம், நீங்க அதை தலைகீழா பண்ணுங்க. 1955 மரப் பாதுகாப்புச் சட்டம் நம்ம மலைக்கு இருக்கு, அதனால சொந்தப் பட்டா மரம்னாலும் கலெக்டர் கமிட்டி அனுமதி வராம கோடாலி வைக்கக் கூடாது. அது கையில வந்ததும் மில்லுக்காரர், அடுத்து லாரி, கடைசியாத்தான் வெட்டு ஆள். கொண்டு போற பாஸ் விஷயத்தை வனத்துறை ரேஞ்ச் ஆபீஸ்ல தனியா கேட்டுக்கோங்க.

ஏன்னா பிளைவுட்டுக்கு கட்டையை மெல்லிசு சீட்டா உரிக்கற மில் பச்சைக் கட்டைதான் கேக்கும், காஞ்சா ரெண்டு முனையிலயும் வெடிப்பு விழுந்து சீட் கிழியும், ஈரத்துல மண்ணோட கிடந்தா நீலக் கறை ஏறும், பட்டைக்கு வெளிய மாவு கொட்டுச்சுன்னா வண்டு உள்ள போயாச்சு. டன் கணக்குல விக்கறீங்கன்னா இன்னும் மோசம், கட்டையில இருந்து ஆவியாகற தண்ணி பூரா உங்க காசு. கன அடின்னா சுத்தளவுல கால் பங்கை அதாலயே பெருக்கி நீளத்தால பெருக்குவாங்க, உருண்டைக் கட்டைக்கு அந்தக் கணக்குல நிஜ அளவுல நூத்துக்கு 78 பங்குதான் வரும். ஏமாத்து வேலை இல்ல, அறுவைச் சேதாரத்துக்குன்னு காலங்காலமா இருக்கற வழக்கம், ஆனா ரேட் பேசறப்ப ஞாபகம் வச்சுக்கோங்க.

லாரி தாமதமாகும்னா ரோட்டோரமா மேடான நிழல் இடம் பாருங்க, கீழ குறுக்கால ரெண்டு கட்டை போட்டு அதுமேல அடுக்கி, உருளாம முட்டு கொடுத்து, வெட்டு முனைக்கு மெழுகோ பழைய பெயிண்டோ அடிச்சிடுங்க. ஓடை, வடிகால் மேல மட்டும் அடுக்கவே அடுக்காதீங்க, தண்ணி வழி மாறினா கீழ் தோட்டத்து மண்ணையும் சேர்த்து இழுத்துட்டு வரும், 2009 நவம்பர் மழையில மண் சரிஞ்சப்ப இங்க இருந்தவங்களுக்கு இதை சொல்லவே வேணாம்.

கோத்தகிரிக்கு அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் வடகிழக்கு மழை, அதனால ஜனவரி தாண்டி வச்சுக்கோங்க (கூடலூர்க்காரங்களுக்கு ஜூன், ஜூலைதான் ஆகாது). முடிஞ்சா மரம் நிக்கற பீல்டுல டீச்செடியை கவாத்து வெட்டற (குட்டையா வெட்டி விடற) வருஷமா பாருங்க, மரம் விழுந்தாலும் கொழுந்துக்கு பெருசா சேதம் இருக்காது. தோட்டத்து ரோட்டுல ஆறு சக்கர லாரி திரும்பாது, பிக்கப்ல மெயின் ரோடு வரைக்கும் அடிச்சு அங்க மறுபடி ஏத்தணும், லோடிங் கூலி ரெண்டு தடவை, அதையும் சேர்த்தே ரேட் பேசுங்க. இன்னொண்ணு, மில் சொல்ற நீளத்துக்கு ரெண்டு மூணு இஞ்ச் கூடவே விட்டு அறுக்கச் சொல்லுங்க, குறைஞ்சா விறகு ரேட்தான்.