கைபேசியை நம்ப முடியாதவர்களும் இணைய வங்கியும்: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: எங்கள் வீட்டுக்குள் கைபேசிக்குச் சிக்னல் கிடைப்பதில்லை, இணைய இணைப்பு மட்டும் கம்பிவழியாக நன்றாக வருகிறது. பணம் அனுப்பும்போது வங்கியிலிருந்து வரும் ஓடிபி எண்ணைப் பெறக் கைபேசியை எடுத்துக்கொண்டு வெளியே போய், எண் வந்ததும் திரும்பி வந்து கணினியில் பதிவதற்குள் அதன் காலக்கெடு முடிந்துவிடுகிறது. சில முறை தவறினால் கணக்கே பூட்டிக்கொள்கிறது. கைபேசியைச் சாராமல் இந்தச் சோதனையைக் கடக்க வழி இல்லையா?

பதில்: வழிகள் பல உண்டு. உங்கள் வங்கி அவற்றுள் எதை வைத்திருக்கிறது, அதை உங்களிடம் சொல்லியிருக்கிறதா என்பதுதான் சிக்கல்.

கடவுச்சொல் திருடு போகலாம் என்பதால், உங்கள் கையில் மட்டும் இருக்கும் ஒரு பொருளையும் காட்டச் சொல்வதே இரண்டாவது சோதனையின் நோக்கம். அந்தப் பொருள் சிம் கார்டாகத்தான் இருக்கவேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. பெரும்பாலோரிடம் கைபேசி இருக்கிறது, தனிக் கருவி வாங்கிக் கொடுக்கும் செலவும் மிச்சம் என்பதால் வங்கிகள் குறுஞ்செய்தியைத் தேர்ந்தெடுத்தன. பாதுகாப்பில் அது உயர்ந்த முறை என்று கூற முடியாது. அமெரிக்காவின் தேசியத் தரநிர்ணய நிறுவனம் 2017-இல் வெளியிட்ட அடையாளச் சோதனை வழிகாட்டியில், தொலைபேசி வழியாக அனுப்பப்படும் எண்ணை ‘கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது’ என்று வகைப்படுத்தி, அதைப் பயன்படுத்தும் நிறுவனங்கள் வேறொரு முறையையும் தரவேண்டும் என்று எழுதியது. அதே ஆண்டில் ஜெர்மனியில், தொலைபேசி நிறுவனங்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் பழைய சமிக்ஞை முறையின் ஓட்டை வழியே வங்கிக் குறுஞ்செய்திகளைத் திசைதிருப்பிப் பணத்தை எடுத்த மோசடி வெளிவந்தது. ஆகவே, மாற்று வழி கேட்கும்போது வங்கியிடம் சலுகை கேட்பதாக நீங்கள் தயங்க வேண்டாம்.

உங்களுக்குக் கைபேசி இருக்கிறது, சிக்னல்தான் இல்லை என்பதால் முதலில் செலவில்லாத ஒன்றைச் செய்து பாருங்கள். கைபேசியின் அமைப்புகளில் ‘வைஃபை காலிங்’ என்ற வசதி இருந்து, உங்கள் தொலைபேசி நிறுவனமும் அதற்கு இடம் கொடுத்தால், அழைப்புகளும் பெரும்பாலும் குறுஞ்செய்திகளும் வீட்டு இணையம் வழியாகவே வந்துசேரும்.

அது கைகொடுக்காவிட்டால், அத்தென்டிகேட்டர் செயலியை வங்கி ஏற்கிறதா என்று விசாரியுங்கள். 2011-இல் வெளியான ஒரு பொதுத் தரநிலைப்படி இவ்வகைச் செயலிகள் இயங்குகின்றன. பதிவுசெய்யும் நாளில் வங்கியும் உங்கள் கருவியும் ஒரு ரகசிய எண்ணைப் பகிர்ந்துகொள்கின்றன. அதன்பின் அந்த ரகசியத்தையும் அப்போதைய நேரத்தையும் சேர்த்து இரு தரப்பும் தனித்தனியே கணக்கிட்டு, வழக்கமாக 30 விநாடிக்கு ஒரு புதிய ஆறிலக்க எண்ணை அடைகின்றன. எதுவும் காற்றில் பயணம் செய்வதில்லை என்பதால் சிக்னலும் வேண்டாம், சிம் கார்டும் வேண்டாம். இழுப்பறையில் கிடக்கும் பழைய கைபேசியோ டேப்லெட்டோ போதும். அதன் கடிகாரம் சரியாக ஓடவேண்டும் என்பது ஒன்றே நிபந்தனை. எண் பொருந்தவில்லை என்று வருந்துவோர் பலருக்கும் கடிகாரம் விலகியிருப்பதே காரணம்.

ஆனால் உள்நுழைவதற்கு இதை ஏற்கும் வங்கியும், பணம் அனுப்பும் கட்டத்தில் மறுக்கலாம். அதற்கு நியாயமான காரணம் இருக்கிறது. செயலி காட்டும் எண்ணுக்கு, நீங்கள் யாருக்கு எவ்வளவு அனுப்புகிறீர்கள் என்பது தெரியாது. போலித் தளம் ஒன்று அந்த எண்ணை உங்களிடம் வாங்கி, வேறொருவர் கணக்குக்கு வேறொரு தொகையை அனுப்பிவிட முடியும். இதனால்தான் ஐரோப்பிய ஒன்றியத்தில் 2019 செப்டம்பர் 14 முதல் நடைமுறைக்கு வந்த விதிகள், இணையவழிப் பணப் பரிமாற்றத்துக்கான எண் அந்தத் தொகையோடும் பெறுபவரோடும் பிணைந்திருக்க வேண்டும் என்கின்றன. கைபேசி இல்லாமலே இதை நிறைவேற்றும் கருவிதான் கார்டு ரீடர். சிறு கால்குலேட்டர் போன்ற அதில் உங்கள் வங்கி அட்டையைச் செருகி, அட்டையின் ரகசிய ‘பின்’ (PIN) எண்ணை அழுத்தி, தொகையையும் பெறுபவரின் கணக்கு எண்ணின் ஒரு பகுதியையும் பதித்தால், அட்டையின் சில்லு அந்தப் பரிமாற்றத்துக்கு மட்டும் செல்லுபடியாகும் எண்ணைத் தரும். எனக்குத் தெரிந்த வழிகளுள், சிக்னல் இல்லாத வீட்டுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது இதைத்தான். இது கிடைக்காத இடத்தில், எண்ணைத் தானே காட்டும் டோக்கன் கருவியோ, கணினியில் செருகும் பாதுகாப்புச் சாவியோ இருக்கிறதா என்று கேளுங்கள். பாதுகாப்புச் சாவி உண்மையான தளத்தின் முகவரிக்கு மட்டுமே பதில் சொல்லும் என்பதால், போலித் தளத்தில் நீங்கள் ஏமாந்தாலும் அது ஏமாறாது.

கேள்வி: என் தாயாரிடம் கைபேசி இல்லை. அவர் கணக்குக்கு என் எண்ணைக் கொடுத்துவைத்து, ஓடிபி வந்ததும் அவரிடம் படித்துச் சொல்கிறேன். இதில் தவறு உண்டா?

பதில்: உங்கள் நோக்கத்தில் தவறில்லை; ஏற்பாட்டில் இருக்கிறது. அக்கறையால் செய்யப்படுவதால் யாருக்கும் உறுத்துவதில்லை, அதனாலேயே இதைச் சற்று அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலாவதாக, ஓடிபியை யாரிடமும் சொல்லக்கூடாது என்று வங்கி எச்சரிக்கும்போது, தொலைபேசியில் எண்களைச் சொல்லிக்கொள்வதையே உங்கள் தாயாருக்கு அன்றாடப் பழக்கமாக்குகிறீர்கள்; நாளை வங்கியிலிருந்து பேசுவதாக ஒருவர் அழைத்து இதே போலக் கேட்டால், அது அவருக்கு விபரீதமாகத் தோன்றாது. இரண்டாவதாக, கணக்கிலிருந்து பணம் குறைந்தால் அறிவிப்பும் உங்கள் எண்ணுக்கே வரும், அவருக்குத் தெரியாது. மூன்றாவதாக, ஏதேனும் தகராறு எழுந்தால், எண்ணைப் பகிர்ந்தீர்கள் என்ற காரணத்தைக் காட்டி வங்கி பொறுப்பை உங்கள்மேல் தள்ள இடமுண்டு. உங்கள் எண் மாறினாலோ நீங்கள் நோய்வாய்ப்பட்டாலோ, அவர் பணம் அவருக்கே எட்டாமல் போகும்.

அவருக்குக் கணினி பழக்கமானால் டோக்கன் கருவியோ கார்டு ரீடரோ போதுமானது. பார்வை மங்கியிருந்தால் எண்ணை ஒலியாகச் சொல்லும் கருவி உண்டா என்றும், வீட்டில் லேண்ட்லைன் இருந்தால் அதற்கு அழைத்து எண்ணை வாசித்துக் காட்டுவார்களா என்றும் கேளுங்கள். நடைமுறையில் கணக்கைக் கவனிப்பவர் நீங்கள்தான் என்றால், அவர் ஒப்புதலோடு எழுத்துப்பூர்வமான அதிகாரம் பெற்று, உங்கள் பெயரிலேயே தனி உள்நுழைவு வாங்குங்கள். அப்போது எந்தப் பரிமாற்றத்தை யார் செய்தார் என்பது வங்கியின் பதிவிலேயே இருக்கும்.

கேள்வி: பல மாதங்கள் பயன்படுத்தாததால் என் கைபேசி எண் துண்டிக்கப்பட்டுவிட்டது. வங்கியில் அந்த எண்ணே பதிவில் இருக்கிறது. உடனே மாற்ற வேண்டுமா?

பதில்: இன்றே மாற்றுங்கள். துண்டிக்கப்பட்ட எண்கள் சிறிது கால இடைவெளிக்குப் பின் வேறொருவருக்கு வழங்கப்படுகின்றன. 2021-இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அமெரிக்காவில் மறுவிற்பனைக்கு இருந்த 259 எண்களைச் சோதித்தபோது, அவற்றுள் 171 எண்கள் பழைய உரிமையாளர்களின் இணையக் கணக்குகளோடு இன்னும் இணைந்தே இருந்தன. நேரில் கிளைக்குச் சென்று, பழைய எண்ணை நீக்கியதற்கு எழுத்தில் உறுதி பெறுங்கள். மின்னஞ்சல் கணக்கை மீட்கவும் அதே எண்ணைக் கொடுத்திருந்தால், அங்கும் மாற்றவேண்டும்.

கேள்வி: கைபேசி தவிர வேறு வழியில்லை என்று கிளையில் உறுதியாகச் சொல்லிவிட்டார்கள். இனி என்ன செய்வது?

பதில்: முகப்பில் இருப்பவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான் என்று எடுத்துக்கொண்டு, எழுத்தில் கேளுங்கள். ‘ஓடிபி வரவில்லை’ என்று புகார் எழுதினால், அதைத் தொலைபேசி நிறுவனத்தின் குறையாகக் கருதி மூடிவிடுவார்கள். ‘கைபேசியைச் சாராத சரிபார்ப்பு முறை எது, அதற்கு எப்படி விண்ணப்பிப்பது’ என்று கேட்டால் பதில் தந்தாக வேண்டும். உடற்குறையோ முதுமையோ காரணமானால் அதையும் குறிப்பிடுங்கள். பதில் திருப்தி தராவிட்டால், கடிதத்தோடு வங்கிக் குறைதீர்ப்பு அமைப்பை அணுகலாம். பிரிட்டனின் நிதி ஒழுங்குமுறை அமைப்பு, கைபேசி இல்லாதவர்களுக்கும் அதைப் பயன்படுத்த விரும்பாதவர்களுக்கும் மாற்று முறைகளை வங்கிகள் வைத்திருக்க வேண்டும் என்று வெளிப்படையாக எதிர்பார்க்கிறது. வேறு நாட்டில் இருப்பவர்களும் இதை ஒரு முன்னுதாரணமாக எடுத்துக்காட்டலாம்.

கருவி கிடைத்துவிட்டால், அது தொலைந்தால் மாற்றுக் கருவி வரும்வரை கணக்கை எப்படித் திறப்பது என்பதையும் அன்றே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். தொலைந்ததை உறுதிப்படுத்தவே பழைய கைபேசி எண்ணுக்கு ஓடிபி அனுப்புவதாக வங்கி சொன்னால், நீங்கள் புறப்பட்ட இடத்துக்கே திரும்பியிருப்பீர்கள். அப்படியானால், இரண்டாவது கருவி ஒன்றையும் சேர்த்துப் பதிவுசெய்துவிட்டுத்தான் கிளையிலிருந்து எழுந்திருக்க வேண்டும்.