மச்சான் சொல்றது சரியா, போட்காரர் சொல்றது சரியா? – தூண்டில் கேள்வி பதில்

கேள்வி: அண்ணே, நாங்க செந்தூல். நாலு பேரு சேர்ந்து பேராக்ல இருக்கற பெலும் காட்டுக்குப் போய் தோமான், செபாராவ் மீன் பிடிக்கலாம்னு பிளான் பண்ணிருக்கோம். போட்காரர் பெர்மிட் எடுக்கணும், ஐசி காப்பி அனுப்புங்கன்னு சொல்றாரு. பினாங்குல இருக்கற என் மச்சான், நான் இத்தன வருஷமா பத்து மாவுங்ல போடறேன், ஒருத்தனும் ஒரு பேப்பர் கேட்டதில்ல, அந்தாளு உங்ககிட்ட காசு பாக்கறான்றாரு. யாரு சொல்றது உண்மை?

பதில்: ரெண்டு பேரும் பொய் சொல்லல தம்பி, தண்ணிதான் வேற வேற. நம்ம நாட்டு அரசியலமைப்புலயே இத பிரிச்சு வச்சிட்டாங்க, கடலும் ஆத்து முகத்துவாரமும் மத்திய அரசு கையில, உள்ள இருக்கற ஆத்து மீன்பிடி மாநிலத்து கையில. (ஆமையும் மாநிலத்துக்குத்தான், அது கடல்லயே நீந்தினாலும்! யாரு யோசிச்சாங்களோ.) 1985 மீன்வளச் சட்டம் நாடு முழுக்க இருக்கு, ஆனா ஆத்துல லைசென்ஸ் வேணுமா, எந்த சைஸுக்கு கீழ எடுக்கக்கூடாது, எந்த மாசம் மூடணும்னு விதி போடற அதிகாரத்த அந்தச் சட்டமே மாநிலத்துக்கிட்ட குடுத்துருது. அதனால பேராக்ல ஒண்ணு, பகாங்ல ஒண்ணுன்னு இருக்கும், போன வருஷம் பகாங்ல இப்படித்தான் இருந்துச்சுன்னு பேராக்ல போய் பேச முடியாது. கோலாலம்பூருக்கு மாநிலமே இல்லல்ல, அதனால இங்க அந்த வேலை அமைச்சரோடது.

உங்க மச்சான் கடல் ஓரமா நின்னு தூண்டில் போடறாரு, அங்க யாரும் லைசென்ஸ் கேக்கறதில்ல, சரி. நீங்க போறது காட்டுக்குள்ள. பண்டிங் ஜெட்டியில இருந்து கிழக்கு மேற்கு நெடுஞ்சாலைக்கு வடக்கால போனா ராயல் பெலும் மாநிலப் பூங்கா, 2007ல அரசாங்கம் கெஜெட்ல போட்டு அறிவிச்ச இடம், தூண்டிலே இல்லாம சும்மா சுத்திப் பாக்கப் போனாலும் பெர்மிட் வேணும். தெற்கால இருக்கறது தெமெங்கோர் ஏரி, அது அந்தப் பூங்காவுக்கு வெளிய. ஏரி பாக்கறதுக்கு ஒண்ணாத்தான் தெரியும். அதனால போட்காரர்கிட்ட "பெர்மிட் எதுக்கு"ன்னு சண்ட போடாதீங்க, "வடக்கா தெற்கா, இந்த பெர்மிட்ல தூண்டிலும் சேர்ந்திருக்கா, எந்த ஆத்துல போடக்கூடாது"ன்னு கேளுங்க, பேப்பர்ல உங்க பேரு இருக்கான்னு பாத்துட்டு காசு குடுங்க. தாமான் நெகாரா பக்கம் போனாலும் இதே கததான், உள்ள நுழையற பெர்மிட் வேற தூண்டில் லைசென்ஸ் வேற, கெலா மீனுக்குன்னு பாதுகாத்து வச்சிருக்கற லுபுக் தெனோர் மாதிரி இடத்துல லைசென்ஸ் கையில இருந்தாலும் போடக்கூடாது.

கேள்வி: பூலாவ் பாயார் போறோம். தீவுல மீன் பிடிக்கக்கூடாதுன்னு தெரியும், கொஞ்சம் தள்ளி போட்ல நின்னு போட்டா பரவால்லதானே? – பட்டர்வொர்த் வாசகர்

பதில்: "கொஞ்சம்"னா எவ்ளோன்றதுதான் பிரச்சன. பாயார் கெடாவுல இருக்கற மரின் பார்க் (கடல் பூங்கா), 1994 ஆணைப்படி கரையில இருந்து 2 கடல் மைல் வரைக்கும் பார்க் தண்ணிதான், கிட்டத்தட்ட 3.7 கிலோமீட்டர், அதையும் கடல் தண்ணி வத்தி இருக்கும்போது தெரியற வெளிக்கரையில இருந்து அளக்கணும். கண்ணால பாத்து "தூரமாத்தான் இருக்கோம் லா"ன்னு சொல்றது வேலைக்காகாது, போன் ஜிபிஎஸ்ல பாருங்க. இன்னொண்ணு, பாயார் மட்டும் இல்ல, லெம்பு, காச்சா, செகாந்தாங்னு பக்கத்துத் தீவும் பார்க்தான், ஒண்ண விட்டு வெளிய வந்துட்டோம்னு நெனச்சு இன்னொண்ணோட எல்லைக்குள்ள போய் நிக்கறவங்க இருக்காங்க. அங்க இருக்கும்போது தூண்டில் ராட மூட்ட கட்டி உள்ள வச்சிருங்க, லைன் தண்ணியில கெடக்கும்போது "சும்மா பாத்துட்டுதான் இருந்தோம்"னு சொன்னா எந்த ஆபீசர் நம்புவாரு.

கேள்வி: சபாவுல சொந்தக்காரங்க கல்யாணம். ராடு கொண்டு போகலாமா? – கெப்போங்

பதில்: கொண்டு போங்க, ஆனா ஆத்தப் பாத்ததும் போட்றாதீங்க. அங்க தாகால்னு ஒரு மொற, ஊர்க்காரங்களே ஆத்தக் காவல் காக்கறாங்க, 2003ல இருந்து மாநிலச் சட்டமும் அதுக்குப் பின்னால இருக்கு. செவப்பு பகுதியில பிடிக்கவே கூடாது, மஞ்சள் பகுதிய ஊர் சேர்ந்து எப்பவாவதுதான் திறப்பாங்க, பச்சையிலயும் ஊர் வச்ச விதிதான். கம்போங் தலைவர்கிட்ட கேட்டுட்டு போங்க. கேக்காம போட்டா ஆபீசருக்கு முன்னால ஊரே வந்து நிக்கும், கல்யாண வீட்டுக்கு வேற கெட்ட பேரு.

கேள்வி: போட்ல போனப்ப சுறா மாட்டுச்சு, எடுத்துக்கலாமா? – ஜெலுத்தோங்

பதில்: எல்லா சுறாவும் தடை இல்ல. திமிங்கிலச் சுறாவுக்கு 1999 விதியிலயே தடை, 2019ல சில வகை கொம்பன் சுறாவையும் மந்தா திருக்கையையும் சேர்த்துட்டாங்க. கொம்பன்ல எது தடை எது இல்லைன்னு ஆடற போட்ல நின்னுக்கிட்டு பிரிச்சுப் பாக்க நம்மளால முடியாது, அதனால தல சுத்தியல் மாதிரி இருந்தா எதுவா இருந்தாலும் விட்டுருங்க. போட்டோவுக்குன்னு மேல இழுத்துப் போட்டு வயித்துல அடிபட வைக்காதீங்க, தண்ணியில இருக்கும்போதே தூண்டில் முள்ளுக்கு கிட்டத்துல லைன வெட்டிருங்க.