கேள்வி – பதில்: மேடையில் தேவாரம்

கேள்வி: எங்கட பக்கத்துக் கூட்டங்களில் யார் பேசினாலும் ‘நாமார்க்கும் குடியல்லோம்’ என்றுதான் தொடங்குகிறார்கள். தேவாரத்தை இப்படி அரசியலுக்கு எடுக்கலாமா?
– வாசகர், ஒட்டுசுட்டான்

பதில்: தாராளமாக எடுக்கலாம். அந்தப் பாடலே அரச ஆணைக்குக் கொடுத்த மறுமொழிதான். சைவத்துக்குத் திரும்பிய அப்பரை அழைத்துவரப் பல்லவ மன்னன் ஆள் அனுப்ப, அவர் வர மறுத்துப் பாடினார் என்கிறது பெரியபுராணம். ஆறாம் திருமுறை, 98ஆம் பதிகம். வெட்டுகிற இடத்தில்தான் பிழை வருகிறது. பேச்சாளர்கள் ‘நமனை அஞ்சோம்’ என்றதும் கைதட்டலுக்கு நிறுத்திவிடுகிறார்கள். பாட்டோ ‘கோமாற்கே நாமென்றும் மீளா ஆளாய்’ என்று போய் முடிகிறது. சிவனுக்கு மீளா அடிமை, அதனால் மன்னனுக்குக் குடியல்ல. அப்பர் சொன்ன காரணம் இது. சிவன் இருந்த இடத்தில் கட்சித் தலைவரை இருத்தினால் அப்பர் மறுத்த பணிவையே அவர் வாயால் கேட்பதாகிவிடும். அடுத்த முறை முழுப்பாட்டையும் பாடச் சொல்லிக் கேளுங்கள்.

கேள்வி: தோற்ற வேட்பாளர் ஒருவர் ‘எது நடந்ததோ அது நன்றாகவே நடந்தது’ என்று கீதையைச் சொன்னார். எந்த அத்தியாயம்?
– வாசகி, பரந்தன்

பதில்: எதிலும் இல்லை. கீதையின் 700 சுலோகங்களிலும் அந்த வசனம் கிடையாது. ‘கீதாசாரம்’ என்று கலண்டர்களில் பரவியது அது. கீதை என்றால் அத்தியாயமும் சுலோகமும், விவிலியம் என்றால் அதிகாரமும் வசனமும், குர்ஆன் என்றால் சூராவும் ஆயத்தும் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: தெற்குத் தலைவர்கள் பௌத்த நூலான தம்மபதத்தைச் சொல்லும்போது நம்பலாமா?
– வாசகர், வவுனியா

பதில்: சொல்பவர் அதற்காக எதை விட்டுக்கொடுக்கிறார் என்று பாருங்கள். 1951இல் சான் பிரான்சிஸ்கோ மாநாட்டில் நிதியமைச்சர் ஜே. ஆர். ஜயவர்தன, பகை பகையால் தணியாது என்ற தம்மபத வரியைச் சொல்லி, ஜப்பானிடம் இலங்கை கேட்கக்கூடிய போர் இழப்பீட்டைக் கைவிட்டார். அங்கே வரிக்குப் பின்னால் செயல் நின்றது. 1983 ஜூலையில் தமிழர் வீடுகள் எரிந்தபோது அவரே ஜனாதிபதி. நாட்கள் கழித்துத் தொலைக்காட்சியில் பேசினார். எரிந்தவர்களுக்கு ஒரு ஆறுதல் வார்த்தைகூட இல்லை. ஜப்பானுக்குக் கிடைத்த தம்மபதம் சொந்த நாட்டுத் தமிழருக்குக் கிடைக்கவில்லை.

கேள்வி: தேர்தல் நேரத்தில் கோயில் திருவிழாவில் வேட்பாளர் மைக் பிடிக்கலாமா?
– வாசகர், மாங்குளம்

பதில்: கும்பிட வரலாம். வழிபாட்டுக்குக் கூடிய சனத்திடம் வாக்கை நோக்கிப் பேசுவதும் துண்டுப்பிரசுரம் கொடுப்பதும் 1981ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க நாடாளுமன்றத் தேர்தல்கள் சட்டப்படி குற்றம். மாவட்டத் தேர்தல் அலுவலகத்துக்கு எழுதும்போது திகதி, நேரம், இடம், சொன்ன வார்த்தைகள் நாலையும் குறிப்பிடுங்கள். காணொளி இருந்தால் வெட்டாமல் முழுதாகக் கொடுங்கள். வெட்டியதை வைத்து எதையும் நிறுவுவது கஷ்டம்.